தடாகத்துக்கு எந்த வடிகட்டி என்று கேட்ட மகனுக்கு

தம்பி, நீ வட்சப்பில் அனுப்பிய இரண்டு பில்டர்களின் படங்களையும் பார்த்தேன். ஒன்று பெரிய நீல உருண்டை, மண் நிரப்பியது. மற்றது பெட்டி மாதிரி, உள்ளே உருளை சுற்றுவது. "அம்மா, ரெண்டில ஒண்டைத் தெரிவு செய்யுங்கோ, நீங்கதானே அங்க இருக்கிறீங்கள்" என்று குரல் பதிவும் போட்டிருந்தாய். இரண்டும் வேண்டாம் என்பதுதான் என் பதில். அதைக் குரலில் சொன்னால் நீ பாதி கேட்டுவிட்டு ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பிவிட்டு வேலைக்குப் போய்விடுவாய் என்று எனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன். நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன் என்று கோபிக்காதே. உப்புவெளியிலிருந்து நிலாவெளி வரைக்கும் பிள்ளைகள் அனுப்புகிற காசில் கெஸ்ட்ஹவுஸ் கட்டிக்கொண்டு, கல்லும் கம்பியும் எண்ணிக்கொண்டு நிற்கிற தாய் தகப்பன்மார் நான் ஒருத்தி மட்டும் இல்லை. உனக்குச் சொல்கிறதை அவர்களும் கேட்கட்டும்.

முதலில் இங்கே இப்போது என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். நீ கமராவில் பார்ப்பது தடாகத்தின் மேற்பக்கத்தை மட்டும்தான். கத்தரியும் மிளகாயும் நின்ற இடத்தில் தடாகம் வெட்டியாயிற்று, கறுப்பு விரிப்பு விரித்தாயிற்று, கரைக்குக் கல்லும் வைத்தாயிற்று. ஆவணியில் கலியாணம், பொம்பிளை வீட்டார் படம் எடுக்கிறபோது மீன் வளர்ந்திருக்க வேண்டும் என்று நீ சொன்னாய் என்பதற்காக, தடாகம் கட்டி மீன் விடுகிற தொழில்காரப் பொடியன் ரமணன் மீனை முன்கூட்டியே இறக்கிவிட்டான். சிவப்பும் வெள்ளையுமாய் நல்ல வடிவான மீன்கள்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பில்டர் இன்னும் இல்லை. பில்டர் இல்லாத குளத்தில் மீன் தன் கழிவிலேயே மூச்சுமுட்டிச் சாகும். அதனால் ரமணன் ஒவ்வொரு நாளும் பாதித் தண்ணீரை வெளியே இறைத்துவிட்டுப் புதுத் தண்ணீர் விடுகிறான். இறைக்கிற தண்ணீர் வாய்க்காலில் ஓடிக் கடலுக்குப் போகிறது. புதுத் தண்ணீர் எங்கே இருந்து வருகிறது என்று நீ ஒரு நாளும் கேட்கவில்லை. கிணற்றிலிருந்து வருகிறது. நம்முடைய நல்ல தண்ணீர்க் கிணற்றிலிருந்து.

அந்தக் கிணற்றுக்கு இந்தச் சின்னத் தெருவில், நம் ஒழுங்கையில், ஒரு சட்டம் இருக்கிறது. யாரும் எழுதி வைக்காத சட்டம், ஆனால் யாரும் மீறாத சட்டம். அதில் துலாவும் வாளியும் மட்டும்தான், மோட்டர் வைக்கக்கூடாது. குடிக்கவும் சமைக்கவும் மட்டும்தான் அள்ளலாம். குளிக்கிறது, உடுப்புத் தோய்க்கிறது எல்லாம் அவரவர் வளவில் இருக்கிற, உப்புக் கரிக்கிற சவர்க் கிணற்றில். காலையிலும் பின்னேரமும் ஒழுங்கைச் சனம் வேலியில் வெட்டிவிட்டிருந்த பொட்டுக்குள்ளால், ஓர் ஆள் நுழைகிற அந்த இடைவெளிக்குள்ளால், குனிந்து வந்து குடத்தை நிரப்பிக்கொண்டு போகும். நீயும் அந்தப் பொட்டுக்குள்ளால்தான் விளையாட ஓடினாய், திரும்பி வருகிறபோது சட்டையைக் கிழித்துக்கொண்டு வருவாய். போன வருசம் நீ மதில் கட்டச் சொன்னாய். பொட்டு அடைபட்டது. கேற்றால் வரட்டும் என்றாய். கேற்றுக்கு மணி பூட்டினாய். தண்ணீர் அள்ள வருகிறவள் மணி அடித்துவிட்டு வெயிலில் நிற்கிறாள், நான் குசினியில் அடுப்பை விட்டுவிட்டு ஓடிவந்து திறக்கிறேன். வெளிநாட்டுச் சம்பந்தம் வருகிறது, வேலியும் பொட்டுமாய் இருந்தால் என்ன நினைப்பார்கள் என்று எனக்கும் ஒரு வெட்கம் இருந்தது. அதனால் மதிலுக்கு நான் மறுப்புச் சொல்லவில்லை. மோட்டரும் அப்படித்தான் வந்தது. "ஒருக்காத் தடாகம் நிரப்புற மட்டும்தான் அன்ரி, பிறகு கழட்டிருவன்" என்று ரமணன் சொன்னான். கழற்றவில்லை. கழற்ற முடியாது என்பது அவனுக்கும் தெரிந்திருக்கும்.

ரமணனைக் குற்றம் சொல்ல எழுதுகிறேன் என்று நினைக்காதே. கெட்ட பிள்ளை இல்லை அவன், கேட்டதற்கு ஒளிக்காமல் பதில் சொல்கிறான். ஒரு நாள் அவனிடம் கேட்டேன், ஒழுங்கை முகப்பில் பைப் தண்ணீர் வருகிறதே, வருகிற நேரத்தில் அதைப் பிடித்து விட்டால் என்ன என்று.

"பைப் தண்ணி மீனுக்குச் சரிவராது அன்ரி. அதில குளோரின் கிடக்கு. செவுளை எரிச்சுப் போடும். பில்டருக்குள்ள வளருற நல்ல கிருமியளும் செத்துப்போம்."

"அப்ப எங்கட வயித்துக்க இருக்கிற கிருமியள்?"

"அது பழகின கிருமியள் அன்ரி" என்று சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினான். "தண்ணியைப் பிடிச்சு ரெண்டு நாள் வெயில்ல விட்டா, இல்லாட்டி மருந்து போட்டா பாவிக்கலாம்தான். ஆனா இந்தக் குளத்துக்குக் காணுற அளவு பைப்பில எங்க வருது? நூல் மாதிரியெல்லோ வருது."

யோசித்துப் பார். இந்த ஒழுங்கையின் உள்வீடுகளுக்கு இன்னும் பைப் இணைப்பே இல்லை. முகப்பில் இருக்கிறவர்களுக்குக் கச்சான் என்கிற வறண்ட காற்று தொடங்கிவிட்டால் அதுவும் நூலாய்த்தான் ஒழுகும். அந்த நூல் தண்ணீர் மனிதருக்குப் போதுமாம், மீனுக்கு ஆகாதாம். மீனுக்குத்தான் கிணற்றின் இனிப்புத் தண்ணீர். இதை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. நீயும் செய்யவில்லை, ரமணனும் செய்யவில்லை. மீன் சாகக்கூடாது என்று ஒவ்வொருவரும் தங்கள் வேலையைச் சரியாகச் செய்ததில்தான் இது நடந்தது. எனக்கு ஆத்திரம் வருவது அதில்தான். ஏழையின் தண்ணீரை எடுக்கிறோம் என்று யாருக்கும் தெரியாமலே எடுத்து முடிந்துவிடுகிறது.

இனி உன்னுடைய இரண்டு பில்டர்களுக்கு வருகிறேன். அந்த நீல உருண்டை எனக்குப் புதிது இல்லை. உன்னைப் படிப்பித்த காலம் முழுக்க நான் சமைத்த ஹோட்டலின் நீச்சல் தடாகத்துக்கு அதுதான் இருந்தது, குசினியின் பின்கதவைத் திறந்தால் அது நிற்கும். மண்ணுக்குள்ளால் தண்ணீரை அழுத்தித் தள்ளும், அழுக்கு மண்ணில் தங்கும். மண் அடைத்துவிட்டால் வால்வைத் திருப்பித் தண்ணீரைப் பின்பக்கமாக ஓடவிட்டுக் கழுவ வேண்டும். அந்தக் கழுவல் தண்ணீர் வாய்க்காலில் பாய்கிற சத்தம் குசினிக்குள் இருந்தாலும் கேட்கும். அது ஆட்கள் குளிக்கிற தடாகம், மருந்து போட்ட தண்ணீர், அழுக்குக் கொஞ்சம்தான். மீன் குளத்தில் தீனும் கழிவும் பாசியும் மண்ணோடு சேர்ந்து கட்டிபட்டுவிடும் என்று ரமணனே சொன்னான். அப்படியானால் அதை இன்னும் அடிக்கடி கழுவ வேண்டும். கழுவக் கழுவக் கிணறு இறங்கும். மற்றது, உருளைக்காரன், கெட்டிக்காரன். தானாகவே அழுக்கைப் பிடிக்கிறான், தானாகவே தன்னைக் கழுவிக்கொள்கிறான். எதனால் கழுவுகிறான்? அவனுக்கும் தண்ணீர் வேண்டும், இரவு பகல் கரண்டும் வேண்டும். இங்கே கரண்ட் நின்றால் என்ன ஆகும் என்று கேட்டேன். பில்டருக்குள் இருக்கிற கிருமிகள் மூச்சில்லாமல் சாகத் தொடங்கும், திரும்பக் கரண்ட் வரும்போது அந்தச் செத்த தண்ணீர் குளத்துக்குள் போகும், மீனுக்கு அதுவே நஞ்சு. ஆகவே ஜெனரேட்டரும் வேண்டும். ஒன்றைக் காப்பாற்ற இன்னொன்று, அதைக் காப்பாற்ற மற்றொன்று. இந்த விளம்பரங்களில் எத்தனை மீனுக்குக் காணும் என்று போட்டிருக்கிறார்கள், குளம் பச்சையாகாமல் இருக்க ஊதா விளக்கு வேண்டும் என்று போட்டிருக்கிறார்கள். எந்த மண்ணுக்கு, யாருடைய கிணற்றுக்கு என்று ஒரு இடத்திலும் இல்லை.

உனக்கு ஞாபகம் இருக்கிறதோ தெரியாது, அன்புவழிபுரத்துப் பெரியம்மா வீட்டிலிருந்து நீ ஒரு சோடாப் போத்தலில் குட்டி மீன் கொண்டு வந்தாய். ஹோர்லிக்ஸ் போத்தலில் விட்டு அலுமாரிக்கு மேலே வைத்தாய். தினமும் பள்ளிக்கூடத்தால் வந்ததும் போத்தலைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்து, கல்லையும் தேய்த்து, புதுத் தண்ணீர் விடுவாய். மீன்கள் ஒவ்வொன்றாகச் செத்தன. நீ அழுதுகொண்டு இன்னும் கூடத் தேய்த்தாய். உன் அப்பா கதிரையில் இருந்து பார்த்துவிட்டு, "டேய், நீ மீன் வளக்கிறியோ, போத்தல் கழுவுறியோ?" என்று கேட்டார். உனக்குக் கோபம் வந்து சாப்பிடாமல் படுத்தாய். நாங்கள் அப்போது அதைப் பகிடியாகத்தான் எடுத்தோம். கல்லில் ஒட்டியிருந்த வழுவழுப்புத்தான் மீனைக் காப்பாற்றியது என்று இப்போதுதான் எனக்கு விளங்குகிறது. குளத்தைச் சுத்தமாக வைப்பது இயந்திரம் இல்லையாம், கல்லிலும் வேரிலும் குடியிருக்கிற கிருமிகளாம். இயந்திரம் செய்வதெல்லாம் அவற்றுக்கு வீடும் காற்றும் கொடுப்பது.

அதனால்தான் மூன்றாவது ஒன்றைச் சொல்கிறேன். ரமணனிடம் கேட்டுத்தான் சொல்கிறேன். தடாகத்தின் ஒரு பக்கத்தைத் தடுத்துச் சல்லிக்கல் நிரப்பி, அதில் கல்வாழையும் கோரையும் நட்டு, சின்ன மோட்டர் ஒன்றால் தண்ணீரை அந்தக் கல்லுக்குள்ளால் மெதுவாகச் சுற்றவிடலாம். அழுக்கைச் செடி தின்னும். கழுவிக் கொட்டத் தேவையில்லை, அதே தண்ணீர் சுற்றிச் சுற்றி வரும். மேலே நிழல்வலை கட்டினால் வெயில் குடிப்பதும் குறையும். ஆனால் குளத்தில் மூன்றில் ஒரு பங்கு செடிக்குப் போகும், மீனைப் பாதிக்கு மேல் குறைக்க வேண்டும், செடி வேர் பிடித்துக் கல்லில் கிருமி குடியேற மாதக்கணக்கு ஆகும். முக்கியமானது, முதல் நிரப்பலை மாரியில் கூரைத் தண்ணீரால் செய்ய வேண்டும். "நான் முதலே இதைத்தான் அன்ரி சொல்ல நினைச்சனான். அவர் பெருசாக் கேட்டவர், கெதியாக் கேட்டவர். கெதியா எண்டா இது ஏலாது" என்றான் ரமணன். ஆகவே உன் கலியாணத்துக்குத் தடாகத்தில் மீன் இருக்காது. காய்ந்த கறுப்பு விரிப்பு இருக்கும். அதற்கு முன்னால் நின்று படம் எடுக்க முடியாதென்றால் கடற்கரை கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது, அங்கே போய் நில்லுங்கள்.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்பாய். கடல் வந்த வருசம் நீ சின்னவன். தண்ணீர் வடிந்து, முகாமிலிருந்து நாங்கள் திரும்பி வந்தபோது ஒழுங்கையின் எல்லாக் கிணறும் உப்பாய்க் கிடந்தது. செத்த கோழியும் சேலைத் துணியும் மிதந்தன. எல்லாரும் சேர்ந்து ஒரு மோட்டரை எடுத்துவந்து இறைத்தோம். உன் அப்பா சீனன்குடா வேலைக்கு லீவு போட்டுவிட்டு நின்று இறைத்தார். ஊத்தையை இறைத்து ஊற்றினால் அடியில் நல்ல தண்ணீர் ஊறும் என்று நம்பினோம். கிணறு என்றால் எல்லா இடத்திலும் அப்படித்தானே. இறைத்தோம், ஊறியது, வாயில் வைத்தால் முன்னையிலும் உப்பு. இன்னும் இறைத்தோம். இன்னும் உப்பு. பிறகு யாரோ வந்து சொன்னார்கள், இந்தக் கரை மணலில் மழைத் தண்ணீர் கடல் தண்ணீருக்கு மேலே மெல்லிய ஆடை மாதிரித்தான் மிதக்கிறது, இழுத்து இறைத்தால் ஆடை கிழிந்து அடியிலிருக்கிற கடல் ஏறும் என்று. இதே ஒழுங்கையில் இருக்கிற பூமணி அக்காவின் கிணறு அப்படிக் கிழிந்த கிணறு. எத்தனை மாரி பெய்தும் அது திரும்பவில்லை. நம்முடையது சற்று மேட்டில் இருந்ததாலோ என்னவோ, காத்திருந்து காத்திருந்து இனித்தது. மோட்டர் வைக்கக்கூடாது என்ற சட்டம் அப்போது வந்ததுதான். இனித்த கிணறு நமக்கு வந்த அதிர்ஷ்டம், அதைப் பூட்டி வைக்க ஏலாது என்று சொல்லிப் பொட்டை வெட்டிக் கொடுத்தவர் உன் அப்பா.

இப்போது அந்த உப்பு திரும்ப வந்துகொண்டிருக்கிறது. இந்த முறை சத்தமில்லாமல், நிலத்துக்குக் கீழே நடந்து வருகிறது. முதலில் கடற்பக்க வீட்டுத் தேசி எலுமிச்சை மரத்தில் இலை நுனி கருகியது. கச்சான் காற்றுக்குக் கருகியிருக்கும் என்றார்கள். பிறகு அடுத்த வளவு வாழை. ஓரம் பழுப்பாகி, கிழிந்து, குருத்தும் வாடியது. பிறகு அதற்கடுத்த வளவு மரவள்ளி. வீடு வீடாக ஒழுங்கு பிசகாமல் வருகிறது. இரவில் மோட்டர் ஓடாத நேரத்தில் கூட நான் எழும்பிப்போய்க் காது கொடுத்துக் கேட்கிறேன், பைத்தியக்காரி மாதிரி. கிணற்றுக் கட்டில் ஈரம் காய்கிற இடத்தில் வெள்ளையாக ஒரு கோடு படிகிறது. விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். போன கிழமை பருப்பு அவியவில்லை. விறகு எரித்து எரித்துப் பார்த்தும் கல்லு மாதிரிக் கிடந்தது. பருப்புத்தான் பழையதாக்கும் என்று எனக்கு நானே பொய் சொன்னேன்.

அன்று பின்னேரம் பூமணி அக்கா கேற் மணியை அடித்தார். குடத்தைக் கொண்டு வரவில்லை. வெறுங்கையோடு வந்து மதில் நிழலில் நின்றுகொண்டு தடாகத்தைப் பார்த்தார். "மீனெல்லாம் நல்லாக் கொழுத்திட்டுது" என்றார். "என்ர மருமோள் குழந்தைக்குப் பால்மா கரைக்கிறவள், ரெண்டு நாளாக் குழந்தை போத்தலைத் தட்டி விடுது. பாலைத் தட்டிவிடாத பிள்ளை. நான் ஒருக்காக் குடிச்சுப் பாத்தனான்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "உங்கட வீட்டிலயும் அப்பிடித்தானே கிடக்கும் பிள்ளை?" என்று கேட்டார். ஓம் என்றேன். அவர் சண்டை பிடித்திருக்கலாம். இந்த ஒழுங்கையில் பூமணி அக்காவின் வாயைக் கேட்டு மாடுகூட வழிவிடும். கோழி வேலி தாண்டினதற்கு என்னோடு ஒரு மாதம் கோபமாய் இருந்த மனுசி. அன்றைக்கு ஒரு கடுஞ்சொல்லும் சொல்லாமல் போனார். அதற்குப் பிறகு காலையில் மணி அடிப்பது குறைந்துவிட்டது. இரண்டு ஒழுங்கை தள்ளிப் போய் அள்ளுகிறார்கள், சைக்கிளில் தண்ணீர்க் கானைக் கட்டி இழுக்கிறார்கள். ஒருவரும் என்னை ஏசவில்லை, தம்பி. எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது. ஏசுகிற சனம் இன்னும் நம்மைத் தங்கள் ஆட்கள் என்று நினைக்கிற சனம்.

நீ கலியாணம் கட்டப் போகிறாய், அதற்காக ஒரு தாய் சொல்லவேண்டிய புத்திமதி ஒன்றிரண்டு இருக்கும். எனக்குத் தெரிந்தது இதுதான். வீட்டுக்கு வருகிறவள் வடிவான குளத்தைப் பார்க்க வரவில்லை, இந்த ஒழுங்கைக்குள் சீவிக்க வருகிறாள், அல்லது வந்து போகவாவது வருகிறாள். அவள் கேற்றால் இறங்கும்போது பக்கத்து வீட்டுப் பெண்கள் வாசலுக்கு வருவார்களா, கதவுக்குப் பின்னால் நிற்பார்களா என்பதை நீ இப்போது தீர்மானிக்கிறாய். நீ ஊரைவிட்டுப் போனபோது உன்னை விமான நிலையத்துக்கு அனுப்ப வான் பிடித்துக்கொண்டு வந்தது இந்தச் சனம்தான். அங்கே குளிரில் நின்று இரண்டு வேலை செய்து உழைத்த காசு என்று எனக்குத் தெரியும். அந்த உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் உழைத்த காசு என்பதற்காக அது செய்கிறதெல்லாம் சரியாகிவிடாது. கரையில் நிற்கிற பெரிய ஹோட்டல்காரர் கிணறுகளை உறிஞ்சுகிறபோது நாங்கள் எல்லாரும் வெளியூர்க்காரன் என்று ஏசினோம். இப்போது உறிஞ்சுவது எங்கள் பிள்ளைகளின் காசு. என்ன சொல்லி ஏசுவது?

ஆகவே ரமணனிடம் மீனை அவனுடைய தொட்டிகளுக்குத் திருப்பி எடுத்துக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறேன். "அவர் ஒரு சொல் சொன்னா நாளைக்கே எடுக்கிறன் அன்ரி" என்கிறான். நீ அந்த ஒரு சொல்லைச் சொல். பில்டர் ஓடரைக் கொடுக்காதே. மோட்டரைக் கழற்றச் சொல். மாரி வரட்டும், சல்லிக்கல் கொட்டலாம், செடி வைக்கலாம், மீனும் விடலாம். கிணறு தப்புமா என்று எனக்குத் தெரியாது. தப்பவேண்டுமென்றால் இன்றைக்கே நிறுத்த வேண்டும் என்று மட்டும் தெரியும்.

மேலே உள்ளதை நேற்று எழுதி வைத்தேன். இன்று காலை படித்துத் திருத்திப் போடலாம் என்று இருந்தபோது கேற்றுக்கு வெளியே ஒரு பெரிய லொறி வந்து நின்றது. பின்னால் இரும்புக் கோபுரம் படுத்திருந்தது. குழாய்க் கிணறு தோண்டுகிற மெசின். இறங்கி வந்தவர் கிண்ணியாவைச் சேர்ந்தவர், வயதானவர், மரியாதையான மனிதர். "அம்மா, கேற்றை முழுசாத் திறக்கேலுமா? மெசின் உள்ளுக்கு வரவேணும்" என்றார். யார் சொன்னது என்று கேட்டேன். உன் பெயரைச் சொன்னார், தடாகத்துக்குத் தண்ணீராம். இது என் சீதனக் காணி, உறுதிப் பத்திரம் என் பெயரில் இருக்கிறது, இங்கே தோண்ட ஏலாது என்றேன். அவர் கோபிக்கவில்லை. தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு, "மகன் சொன்னவர்தான், அம்மா இங்க விடமாட்டா எண்டு. அப்பிடியெண்டா பக்கத்துக் காணியில போடச் சொன்னவர்" என்றார்.

பக்கத்துக் காணி. போன வருசம் வாகனம் நிறுத்த என்று உன் பெயரில் நீ வாங்கியது.

அப்படியானால் நான் என்ன சொல்லுவேன் என்று உனக்கு முதலே தெரிந்திருக்கிறது. நான் மறிப்பேன் என்று தெரிந்து, மறிக்க முடியாத இடத்தையும் பார்த்து வைத்துவிட்டு, நீலமா பெட்டியா என்று என்னிடம் கேட்டிருக்கிறாய். நான் இரண்டு கிழமையாக ஹோட்டல் ஹோட்டலாகப் போய்ப் பார்த்து, ரமணனைத் துளைத்துக் கேட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வீடியோ பார்த்து, உனக்கு எது நல்லது என்று தேடிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் நீ ஆழத்தை விலை பேசிக்கொண்டிருந்தாய். உனக்குப் போன் எடுத்தேன், நீ எடுக்கவில்லை. அங்கே தூங்குகிற நேரம். திரும்பவும் எடுத்தேன். மெசின்காரரிடம் கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன். அவர் பொறுத்தார், தேத்தண்ணி கொடுத்தேன், ஒரு மிடறு குடித்தார், கிளாசைப் பார்த்தார், மிச்சத்தைக் கீழே வைத்தார். "நான் கூலிக்கு வாறவன் அம்மா. நான் போனா நாளைக்கு வேற மெசின் வரும். நீங்க அவரோட கதையுங்கோ, நான் ஏலுமான அளவுக்கு மெதுவா இறக்கிறன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதை எழுதும்போது கோபுரம் நிமிர்ந்து நிற்கிறது. முதல் குழாய் இறங்கிவிட்டது. மேசை அதிர்கிறது, எழுத்துக் கோணலாய்ப் போனால் அதுதான் காரணம். சத்தம் கேட்டு ஒழுங்கைச் சனம் எல்லாம் அந்தக் காணியின் கம்பி வேலிக்கு வெளியே கூடி நின்றது. நானும் போய் நின்றேன். சேறும் மணலும் கலந்து தண்ணீர் பீறிட்டது. ஒரு சின்னப் பெண் கையை நீட்டி ஏந்தி வாயில் வைத்துவிட்டுத் துப்பினாள். பூமணி அக்கா பேரப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு எனக்குப் பக்கத்தில் நின்றார். காணி யாருடையது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். விற்றதே அவருடைய தம்பிதான். ஆனாலும் என் வாயால் கேட்க வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, எல்லாருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டார்.

"ஆர் பிள்ளை இதைச் செய்யிறது?"

மெசின் கத்திக்கொண்டிருந்தது. நான் கொஞ்சம் உரக்கத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"என்ர மகன் அக்கா" என்றேன்.